எஸ்தோனியாவுக்குள்ள பங்க் ராக் இசை எப்படி வந்தது? – உங்க கேள்விக்கு விளக்கம்

கேள்வி: "மேற்கத்திய இசைத்தட்டே கிடைக்காத சோவியத் காலத்துல எஸ்தோனியா பசங்க பங்க் எப்படிக் கேட்டாங்க? மாலுமிங்க கடத்திட்டு வந்தாங்களா?"

கடத்தல் தட்டும் வந்தது, ஆனா அது சொற்பம். பெருசா வந்தது ஆன்டெனா வழியா. எஸ்தோனியா தலைநகர் தாலினுக்கும் ஃபின்லாந்து தலைநகர் ஹெல்சின்கிக்கும் நடுவுல கடல், சுமார் 80 கிலோமீட்டர். ஆன்டெனாவை வடக்கே திருப்பினா ஃபின்லாந்து டிவி படம் வந்துடும். சத்தம் மட்டும் வராது. முன்னாடியே சொல்லியிருக்கேன், பரவாயில்ல, எனக்குப் பிடிச்ச இடம், திரும்பவும் சொல்றேன். சோவியத் முறையில படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6.5 மெகாஹெர்ட்ஸ், ஃபின்லாந்துல 5.5. ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ்! செட்டு 6.5-ல காது வெச்சுக்கிட்டு இருக்கும், அங்க இரைச்சல்தான். கலரும் வராது. சோவியத்துல செகாம் முறை, அங்க பால் முறை. படம் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும்.

அதுக்குத்தான் 'ஃபின்லாந்து பிளாக்'னு சொல்ற சின்ன போர்டு. 5.5-க்கு ட்யூன் பண்ணின ஒலிப் பகுதி, அதோட 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வெச்ச கலர் டிகோடர். கிரிஸ்டல் சரியில்லேன்னா கலர் விட்டு விட்டு வரும், சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. பாட்டு கேக்கறவனுக்கு அது போதாதா?

ரேடியோவும் இதே கதை. சோவியத் எஃப்.எம். 66-லேர்ந்து 73 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஃபின்லாந்து 87.5-க்கு மேல. அலைவரிசையைக் கீழ இறக்கற கன்வெர்ட்டர்ல 25 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் (அலையை உண்டாக்கற சுற்று) போட்டா 95-ல வர்றது 70-ல விழும். ஆனா 91-லேர்ந்து 98 வரைக்கும்தான் உள்ள வரும். மிச்சம் வேணும்னா ஆஸிலேட்டரை மாத்தணும். 1980-ல ஃபின்லாந்து வானொலியில ராக் பாட்டுக்குன்னே 'ராக்ரேடியோ' வேற ஆரம்பிச்சுட்டாங்க.

அதே வருஷம் செப்டம்பர் 22, தாலினோட கத்ரியோர்க் மைதானம். டிவிக்காரங்களுக்கும் ரேடியோக்காரங்களுக்கும் ஃபுட்பால், கூடவே பேட்டர் வொல்கோன்ஸ்கியோட பங்க் குழு ப்ரோபெல்லர் கச்சேரி. பாதியில நிறுத்தினாங்க, பசங்க தெருவுல இறங்கினாங்க, அக்டோபர்ல மாணவர் ஊர்வலம், போலீஸ் அடி, அதைக் கண்டிச்சு 40 பேர் கையெழுத்துப் போட்ட கடிதம். அது தனிக் கதை, விட்டுடறேன்.

உள்ள எப்படி வந்ததுன்னு கேட்டீங்க. இவங்க பாட்டு வெளிய எப்படிப் போச்சுன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். உள்ள வர ஒரு போர்டு போதும். வெளிய போக? தட்டு அடிக்கிறது அரசாங்கத்தோட மெலோதியா கம்பெனி. மேடை ஏறணும்னா பாட்டு வரிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வில்லு தம்மேயோட பங்க் குழு ஜே.எம்.கே.இ. 1986-ல ஆரம்பிச்சது. முதல் ஆல்பம் 'கூல்மலே மாலே' 1989-லதான் வந்தது, அதையும் வெளியிட்டது ஹெல்சின்கியில இருந்த ஸ்டுபிடோ ட்வின்ஸ்ங்கற இசைத்தட்டு கம்பெனி.

மத்தபடி எல்லாம் டேப்தான், ரீலுக்கு ரீல் நகல். முதல் நகலோட இரைச்சல் அளவுக்கே ரெண்டாவதும் சேர்த்தா சுமார் 3 டெசிபல் ஏறும். டேப்பை மிச்சம் பிடிக்க வினாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்துக்குப் பதிலா 9.5-ல பதிஞ்சா இன்னும் மோசம். எல்லாத்தையும் விடக் கெடுதல் ஹெட் (டேப் உரசிப் போற பகுதி) கோணம். பதிஞ்ச மெஷின் ஹெட்டும் ஓட்டற மெஷின் ஹெட்டும் ஒரே கோணத்துல இல்லேன்னா டிரம்ஸோட சிம்பல் தட்டு சத்தமே காணாமப் போயிடும். இணையத்துல மந்தமாக் கேக்கற பழைய பதிவுகளுக்கு ட்ரெபிள் (கீச்சு சத்தம்) ஏத்தறாங்க, ஏறறது இரைச்சல்தான். ரீல் கையில இருந்தா, முதல்ல ஓட்டற மெஷினோட ஹெட்டை அந்த ரீலுக்கு ஏத்த கோணத்துக்குத் திருப்புங்க, டிஜிட்டலாக்கறது அப்புறம்.