நாங்கள் நம்பியிருந்தோம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். இறைவார்த்தைக்கு மனம் திறப்பது பற்றிக் கதைக்கும்படி கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஒரு பிரசங்கமாவது கேட்காத கிறிஸ்தவர் வன்னியில் இருக்க மாட்டார். பெரும்பாலும் மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தின் விதைப்பவர் உவமைதான் வரும். விதை விழும் நான்கு இடங்கள்: வழியோரம், பாறை நிலம், முட்செடி, நல்ல நிலம். முடிவில், "உங்கள் மனம் எந்த நிலம்?" என்று ஒரு கேள்வி. கேட்டுக்கொண்டிருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார்.

எனக்கு அந்தக் கேள்வியோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. வழியோரத்து நிலமும் நிலம்தானே. அது தானாக இறுகவில்லை, மற்றவர்கள் மிதித்து மிதித்து இறுகியது. வயலுக்குக் குறுக்கே மாடும் உழவு இயந்திரமும் போய்வந்த தடத்தைப் பாருங்கள். காலபோக நெல் விதைப்புக்கு முன்னால் அதில் மண்வெட்டி போட்டால் கைதான் நோகும். நல்ல மழை விழுந்து ஈரம் பிடித்தால் அதுவும் இளகும். ஏசி ஏசி மண்ணை இளக்கிய கமக்காரரை நான் கண்டதில்லை. உவமை சொன்ன இயேசுவும் நிலத்தை ஏசவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் ஊர்களில் மிதிபட்ட மனங்கள் கனக்க. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், முகாம்களில் இருந்து, பிறகு காடு பற்றிய காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் இவை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாமார் வீதியோரம் உட்கார்ந்தது எல்லாருக்கும் தெரியும். அப்படித் தேடுகிறவர்கள் நம் கோயில் பங்குகளிலும் இருக்கிறார்கள். "கடவுள் அன்பாய் இருக்கிறார்" என்று வாசகம் வாசிக்கும்போது அந்த அம்மா ஆமென் சொல்லாமல் இருந்தால், அவருடைய மனம் மூடிக் கிடக்கிறது என்று முடிவு கட்ட நாம் யார்?

லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், இயேசு சிலுவையில் இறந்த பிறகு, அவருடைய சீடர் இரண்டு பேர் எருசலேமை விட்டு எம்மாவுக்கு நடக்கிறார்கள். ஒருவர் பெயர் கிளியோப்பா, மற்றவரின் பெயர் சொல்லப்படவில்லை. தூரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர், இரண்டு மூன்று மணி நேர நடை. உயிர்த்த இயேசு வழியில் வந்து சேர்ந்துகொள்கிறார், அவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை. அவர் எடுத்த எடுப்பில் வேதம் விளக்கவில்லை. என்ன கதைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். எருசலேமில் நடந்தது உமக்கு மட்டுந்தான் தெரியாதோ என்று கிளியோப்பா கேட்க, "என்ன நடந்தது?" என்கிறார்! அது யாருக்கு நடந்ததோ அவரே கேட்கிறார். அவர்கள் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். நடுவில் ஒரு வார்த்தை: அவர் இஸ்ரயேலை மீட்பார் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

நம்பியிருந்தோம். வன்னியில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவும் செய்கிறார், அதை மறைக்கக் கூடாது. மந்த உள்ளம் என்றுகூடச் சொல்கிறார். ஆனால் அது அவர்கள் சொல்லி முடித்த பிறகு. அதன் பின்புதான் மோசே தொடங்கி இறைவாக்கினர் வரை மறைநூலை விளக்குகிறார். வழியில் மறைநூலை விளக்கியபோது நம் உள்ளம் பற்றி எரியவில்லையா என்று அவர்கள் பிறகு ஒருவரையொருவர் கேட்டார்கள். முதலில் திறந்தது அவர்களின் வாய்.

நம் ஆட்கள் பலர் வேதத்தைப் பிடித்தால் பவ்வியமாகிவிடுகிறார்கள். முறைப்பாடு சொன்னால் பாவம் என்று நினைக்கிறார்கள். அப்படியானால் திருப்பாடல்களை என்ன செய்வது? 13ஆவது பாடல், "எவ்வளவு காலம் ஆண்டவரே?" என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. 88ஆவது பாடல் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதையும் இறைவார்த்தை என்று சொல்லித்தான் திருச்சபை நம் கையில் தந்திருக்கிறது. கடவுளைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியைக் கடவுளின் நூலே நமக்கு எழுதித் தந்திருக்கும்போது, நாம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

எல்லா இறுக்கமும் துயரத்தால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேலி எல்லைக்காகச் சொந்தத் தமையனோடு பேச்சை நிறுத்திவிட்டு, ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் நிற்கிறவரும் இருக்கிறார். அவருக்கு மத்தேயு 5ஆம் அதிகாரம் இருக்கிறது: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள். அதற்கு விரிவுரை வேண்டாம், நடந்து போனால் சரி.

கத்தோலிக்க வீடுகளில் வேதாகமத்தைத் திறந்து வாசிக்கும் பழக்கம் அவ்வளவு பழையதல்ல. அந்தக் காலத்தில் பூசை இலத்தீனில் நடக்கும், சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும். 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, எல்லா விசுவாசிகளும் மறைநூலை வாசிக்க வேண்டும், செபத்தோடு வாசிக்க வேண்டும் என்றது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் பொதுக்காலத்தின் 3ஆம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அதை அறிவித்து அவர் எழுதிய மடலும் லூக்காவின் அதே 24ஆம் அதிகாரத்தில், இயேசு சீடர்களின் மனதைத் திறந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எனவே வீடு சந்திக்கப் போகிற மறையாசிரியர்களுக்கும், அயல் வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். புத்தகத்தை விரிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். நூறு தடவை கேட்ட கதையாக இருந்தாலும் கேளுங்கள். இடையில் வசனம் சொல்லி வாயடைக்க வேண்டாம்.

மற்றவர்கள் இன்று இரவு லூக்கா 24ஐ வீட்டில் வாசித்துப் பாருங்கள், 13ஆம் வசனத்திலிருந்து. ஒருவர் சத்தமாக, அவசரப்படாமல் வாசிக்கட்டும். 21ஆம் வசனத்தில் நிறுத்தி, நாங்கள் எதை நம்பியிருந்தோம் என்று விரும்பியவர் சொல்லட்டும். சொன்னதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பிறகு மிச்சத்தை வாசியுங்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லையா, பரவாயில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுங்கள், நாளைக்கும் அந்தப் பக்கம் அங்கேதான் இருக்கும். வணக்கம்.