பினடூபோ எரிமலை வெடிக்குமுன் அடியில் என்ன நடந்தது?

வணக்கம் நேயர்களே.

எரிமலை வெடிக்கிறது என்றால், அடியில் சூடு தாங்க முடியாமல் வெடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஹவாயில் ஆறுபோல ஓடும் லாவாவின் வெப்பம் சுமார் 1150 டிகிரி செல்சியஸ். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் சாம்பலை 35 கிலோமீட்டர் உயரத்துக்கு வீசியெறிந்த பினடூபோவின் மாக்மாவுக்கு, அதாவது நிலத்தடிப் பாறைக் குழம்புக்கு, வெப்பம் ஏறத்தாழ 780 டிகிரிதான். சூடு குறைவு, ஆனால் குழம்பைப் பிசுபிசுப்பாக்கும் சிலிக்கா அதிகம், தண்ணீரும் அதிகம். வெடிக்கும் குணம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

இவை எப்படிச் சேர்கின்றன? உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் உப்பு விளைந்து அடியில் படியப் படிய, மேலே மிஞ்சும் நீர் கசப்பாகிக்கொண்டே போகும். உப்பில் சேராத சரக்கெல்லாம் அந்த மிச்ச நீரில் தேங்கிவிடுகிறது. மாக்மாவிலும் அப்படித்தான். ஆழத்திலிருந்து வரும் பாசால்ட் என்ற கரும்பாறைக் குழம்பில் சிலிக்கா பாதியளவு இருக்கும். அது ஆறும்போது முதலில் படிகமாவது ஆலிவின், பைராக்சீன் போன்ற சிலிக்கா குறைந்த, தண்ணீரே இல்லாத கனிமங்கள். மிஞ்சும் குழம்பில் சிலிக்காவும் நீரும் ஏறிக்கொண்டே போகும். பினடூபோவின் அடியில் கிடந்தது 64 விழுக்காடு சிலிக்கா கொண்ட தேசைட் என்ற வகைக் குழம்பு. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஆழத்தில், பாதிக்குப் பாதி படிகம் கலந்த கூழாக, 500 ஆண்டுகள் அது அசையாமல் கிடந்தது.

இத்தனை கெட்டியான கூழ் தானாக மேலேறாது. கீழிருந்து ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளு வந்ததற்கான சாட்சி, ஜூன் 7 அன்று மலையில் முளைத்த லாவாக் குவிமாடத்தில், அதாவது ஓடாமல் குவிந்து நின்ற கெட்டி லாவா மேட்டில், இருந்தது. அதன் சாம்பல்நிறப் பாறையை உடைத்துப் பார்த்தால், உள்ளே கருமையான பாசால்ட் உருண்டைகள். 1200 டிகிரிச் சூட்டோடு வந்த பாசால்ட், தன்னைவிடக் குளிர்ந்த தேசைட்டுக்குள் புகுந்து அங்கேயே உறைந்ததன் தடயம் அது. அதே பாறையில் ஆலிவினும் குவார்ட்ஸும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே குழம்பில் சேர்ந்து விளையாத இரண்டு கனிமங்கள்! இரண்டு மாக்மாக்கள் கலந்து, முழுதாக ஒன்றாகிப்போக நேரமில்லாமல் மேலே வந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி கிடைக்காது.

வாயு அளவீடும் பேசியது. மே 13 அன்று மலையிலிருந்து நாளுக்குச் சுமார் 500 டன் கந்தக டைஆக்சைடு வந்தது. மே 28 அன்று அது 5000 டன்னைத் தாண்டியது. அடுத்த சில நாட்களில் 300 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. 'அடங்கிவிட்டது' என்று மூச்சுவிடத் தோன்றும். ஆனால் நிலநடுக்கங்கள் ஓயவில்லை. வாயு போகும் வழி அடைபட்டு, அழுத்தம் உள்ளே ஏறுகிறது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஜூன் 10 அன்று மலைக்கு அருகிலிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளத்திலிருந்து பெருங்கூட்டம் வெளியேற்றப்பட்டது.

பிறகு நடந்ததற்குச் சோடா பாட்டில் உவமையைச் சொல்வார்கள். அது பாதிதான் பொருந்தும். சோடாவில் குமிழி விருட்டென்று வெளியே ஓடிவிடும். தேசைட்டில் முடியாது. மேலேற அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீர் குமிழியாகப் பிரிகிறது. நீர் பிரியப் பிரியக் குழம்பு இன்னும் பிசுபிசுப்பாகி, அந்தக் குமிழியையே சிறைப்பிடிக்கிறது. எடையில் 5 விழுக்காடு நீர் இருந்தாலும், தரைமட்ட அழுத்தத்தில் அந்த ஆவி மாக்மாவின் பருமனைப்போல 500 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். நுரையில் முக்கால் பங்கு குமிழியானதும் குமிழிச் சுவர்கள் நொறுங்குகின்றன. எரிமலைச் சாம்பல் என்பது எரிந்த மிச்சமல்ல, அந்தச் சுவர்களின் உடைந்த கண்ணாடித் தூள்.

ஒரு புதிர் மிஞ்சியது. வானில் ஏறிய கந்தக டைஆக்சைடு 1.5 கோடி டன்னுக்கும் மேல். அந்தத் தேசைட் குழம்பில் அவ்வளவு கந்தகம் கரைந்திருக்க வழியே இல்லை. அப்படியானால், வெடிப்பதற்கு வெகு முன்பே, 8 கிலோமீட்டர் ஆழத்திலேயே, கந்தகம் நிறைந்த வாயு தனிக் குமிழிகளாகச் சேர்ந்திருக்க வேண்டும். நுரைக்கற்களில் அன்ஹைட்ரைட் என்ற கந்தகக் கனிமமும் கிடைத்தது. ஆனால் அது மழைபட்டால் கரைந்துவிடும். அதனால் மழை கரைத்துவிடுமுன் புதுக் கல்லைப் பொறுக்கியவர்களுக்குத்தான் அது நன்றாகக் கண்ணில் பட்டது.