காயம் ஆறும் நாட்கள் எங்கே?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘பாதிக்கப்பட்ட பெண் மீண்டு வருவதைத் தமிழ் சினிமா சரியாகக் காட்டுகிறதா?’ என்பது தலைப்பு. இல்லை என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி ‘நேர்கொண்ட பார்வை’யைச் சொன்னார். சரி, பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதை 2019-இல் தியேட்டர் முழுக்கக் கேட்க வைத்த படம். அதற்காக நானும் கை தட்டினேன். ஆனால் அது 2016-இல் வந்த இந்திப் படத்தின் மறுஆக்கம். தமிழுக்கு வரும்போது என்ன கூடியது? வக்கீலாக வரும் ஹீரோவுக்கு ஒரு சண்டைக்காட்சி, மனைவியோடு ஒரு பாட்டு. அடிபட்டவர்கள் மூன்று பெண்கள். கூடிய நேரமெல்லாம் போனது ஹீரோவுக்கு!

பழைய படங்களில் இன்னும் மோசம். தங்கைக்குக் கொடுமை நடக்கும். அடுத்த காட்சியில் அவள் சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குவாள். அண்ணன் அரிவாளை எடுப்பான். அவள் உயிரோடு இருந்து மறுநாள் காலையில் எழுந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசிக்கக்கூட விடாமல் கொன்றுவிட்டார்களே, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

யோசித்த படமும் உண்டு. 1977-இல் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ஜெயகாந்தன் கதை, லட்சுமிக்குத் தேசிய விருது. மழை நாளில் ஒருவன் காரில் ஏறிய கங்காவுக்கு நேர்ந்ததை அம்மாவே ஊரறியக் கத்திவிடுகிறாள். அப்புறம் கங்கா படிக்கிறாள், நல்ல உத்தியோகத்துக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள். நம் படங்கள் ‘சாதித்துவிட்டாள்’ என்று கைதட்டலோடு முடிக்கும் இடம் இது. கங்காவுக்கு அங்கே எதுவும் முடியவில்லை. வருஷங்கள் கழிந்தும் அவளுக்குள் அந்த மழை விடவில்லை. வீடும் அவளை அந்த ஒரு நாளை வைத்தே பார்க்கிறது. சம்பளம் வந்தால் காயம் ஆறிவிடாது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

இதே ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், இதே மாதிரி நேர்ந்து வீடு திரும்பும் மகளுக்கு அம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். அரிவாளும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஒரு குடம் தண்ணீர், ஒரு அம்மா.

2023-இல், ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்ன ‘சித்தா’ படம் அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு படம் போதுமா நடுவர் அவர்களே? விளக்கை அணைக்காமல் தூங்கிய இரவுகள் எத்தனை? மறுபடி அதே பஸ்ஸில் ஏறும் முதல் நாள், கம்பியைப் பிடித்த கை எப்படி நடுங்கியது? அதற்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். நன்றி.