தீவுகளுக்கு இடையிலுள்ள தண்ணீர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளை ஒரே நாளில் படகில் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, எந்தத் தீவில் எந்தக் கோவில், எந்தக் கடற்கரை, எங்கே மத்தியானச் சாப்பாடு என்ற விபரங்களையே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள் என நினைக்கிறேன். அவை நம்மில் பெரும்பாலானோருக்குத் தெரிந்தவை. நீண்ட காலம் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களையும் பழைய மாணவர்களையும் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை இந்தக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் பொறுப்பு, யாரும் தராமலே என் தலையில் விழுந்துவிட்டது. அவ்வாறு போய்வந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அந்த ஒரு நாளில் நாம் முதலில் பார்க்கவேண்டியது தீவுகளுக்கு இடையே கிடக்கும் தண்ணீரைத்தான்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். பண்ணைத் தாம்போதியால் போய், வேலணையைக் கடந்து, வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் இறங்கி, குறிகட்டுவானில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒருவர், அதற்குள் இரண்டு தீவுகளைக் கடந்துவிட்டார். ஆனால் அவை தீவுகள் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. அதன் பின் நயினாதீவுப் படகின் அடித்தட்டில் அடைபட்டு, வியர்த்து, அடுத்த துறையில் ஏறுவார். கடலைக் கடந்தவர் கடலைக் காணவில்லை. நான் காரைநகர் இறங்குதுறையிலிருந்து காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, மேற்கே எழுவைதீவு, அனலைதீவு என்று இறங்கி, நயினாதீவில் மத்தியானம் தங்கி, பின்னேரம் குறிகட்டுவானில் முடிக்கும் வழியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நெடுந்தீவை இந்த ஒரு நாளுக்குள் திணிப்பதில்லை. குதிரைகளும் பெருக்குமரமும் பார்க்கல் மதில்களும் உள்ள அந்தத் தீவுக்கு ஒரு முழு நாளைத் தனியாகக் கொடுக்காமல் ஓடிப்போய் ஓடிவருவது மரியாதையல்ல என்பது என் எண்ணம்.

முதல் தடவை நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஆடி, ஆவணியில். நம்முடைய கடலில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுவதும் அதே மாதங்களில். நானும் விடுமுறையைப் பார்த்தேனேயன்றிக் காற்றைப் பார்க்கவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடலுக்குள் நிற்கும்வரை தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்போலக் கிடந்தது. பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அந்த ஒடுங்கிய கடலின் வாயைத் தாண்டி மேற்கே திரும்பியதும் படகின் அணியம் எழும்பி விழத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்குள் பாட்டு நின்றது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னுடைய தொப்பியைக் கேட்டாள். வெயிலுக்காக்கும் என்று கழற்றிக் கொடுத்தேன். அவள் அதற்குள் சத்தி எடுத்துவிட்டு, மிகுந்த பணிவோடு என்னிடமே திருப்பித் தந்தாள். படகோட்டி ஒன்றும் பேசாமல் சுக்கானைத் திருப்பினார். அதன் பிறகு மாசி, பங்குனி, சித்திரை தவிர்ந்த மாதங்களில் நான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்வதில்லை. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழும்பாத அந்த இடைவெளியில்தான் கடல் நமக்கு அடியைக் காட்டும்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மென்ஹீல் என்று பெயர் வைத்த எண்கோணக் கோட்டை அது. இலங்கையின் வரைபடம் பன்றித் தொடைபோல இருப்பதாகக் கண்ட ஒல்லாந்தருக்கு, இந்த இடம் அந்தத் தொடையின் குதிக்காலாகப் பட்டது. ஆம்ஸ்டர்டாம் என்று காரைநகராகிய காரைதீவுக்கும், லெய்டன் என்று வேலணைக்கும், றொட்டர்டாம் என்று அனலைதீவுக்கும் தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டியவர்களும் அவர்களே. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் தவிர மற்றவை இங்கே யார் நாவிலும் ஒட்டவில்லை. பெயர்க்கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கோட்டை விழுந்த கதை. உள்ளே இருந்த போர்த்துக்கேயப் படையினர் குடிதண்ணீரை மரத்தொட்டியில் சேமித்திருந்தார்கள். முற்றுகையில் குண்டு பட்டுத் தொட்டி சிதறியது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராக இருக்க, தாகத்தால் சரணடைந்தார்கள். கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் பாடம் படித்து, உறுதியான தொட்டிகளைக் கட்டிக்கொண்டார்கள். பின்னர் சிறையாகவும் இருந்த அந்தக் கோட்டையில் இன்று கடற்படையினர் விடுதி நடத்துகிறார்கள்.

அந்தக் கடலை ஊடறுத்து, மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் சுமந்துகொண்டு, இயந்திரம் பூட்டிய தட்டை மிதவையொன்று காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் போய்வரும். அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் ‘பாதை’. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. பாதையில் நாம் போவோம். இங்கே பாதையே போகிறது.

ஊர்காவற்றுறைக்கு எதிரே வந்ததும் படகை மெதுவாக்கச் சொல்லிவிட்டு, கையிலுள்ள கடதாசியிலிருந்து ஒரு கல்வெட்டின் செய்தியை வாசிப்பேன். கல்வெட்டு இருப்பது நயினாதீவில். பேசுவது ஊராத்துறை என்று அன்று வழங்கிய இந்தத் துறையைப் பற்றி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த ஆணை அது. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறைக்கே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படவேண்டும் என்று சொல்லிவிட்டு, உடைந்த கப்பல்களின் கணக்குக்கு வருகிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. யானை, குதிரை மீது தமக்குள்ள விருப்பமே இந்தச் சலுகைக்குக் காரணம் என்று அரசர் ஒளிக்காமல் சொல்கிறார். ஒரு சட்டம் கப்பல் உடைவதை இவ்வளவு விபரமாகப் பேசுகிறது என்றால், கப்பல்கள் இங்கே அடிக்கடி உடைந்தன என்றே நான் வாசிக்கிறேன். அதே துறையிலிருந்து பிற்காலத்தில் யானைகள் வெளியே ஏற்றப்பட்டன. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் ‘கயிற்ஸ்’ என்ற பெயர், ‘யானைகளின் துறை’ என்று போர்த்துக்கேயர் அழைத்ததன் மிச்சம். வந்திறங்கிய யானை ஏறிப்போகும் யானையானதற்கு இடையில் இந்தக் கரையில் எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

கப்பல் ஏன் உடையும் என்பதற்கு விடை படகுக்குக் கீழேயே இருக்கிறது. பாக்கு விரிகுடாவின் ஆழம் 15 மீற்றரைத் தாண்டுவது அரிது. தீவுகளை அண்டிய இடங்களில் ஒரு பாகம், இரண்டு பாகம் என்றுதான் படகோட்டிகள் கணக்குச் சொல்வார்கள்; ஒரு பாகம் என்பது ஏறத்தாழ ஆறடி. என்னோடு வழமையாக வரும் படகோட்டி கடலின் நிறத்தைப் பார்த்தே ஓட்டுவார். வெளிறிய பச்சை மணல். கருமையாகக் கிடந்தால் சாதாழை என்ற கடற்புல். செம்பழுப்புத் தெரிந்தால் பார், அதாவது கடலடிப் பாறை. அந்த மூன்றாவது நிறம் வந்ததும் அவர் இயந்திரத்தை நிறுத்தி, அடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டு, மரக்கோலை ஊன்றிப் படகைத் தள்ளத் தொடங்குவார். கோல் பாரில் முட்டும் ‘டொக்’ என்ற சத்தம் படகின் பலகை வழியே நம்முடைய பாதத்துக்கு வரும். அப்போதுதான், கடந்த பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட 100 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்ததையும், இந்த விரிகுடா முழுவதும் இந்தியாவோடு ஒட்டிய வெறும் நிலமாக இருந்ததையும், நாம் தீவுகள் என்று சொல்பவை அந்த வெளியின் சிறு மேடுகள் என்பதையும் சொல்வேன். வகுப்பில் இருபது வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டிய விடயம் இது. அந்த ஒரு சத்தம் விளங்கப்படுத்திய அளவுக்கு என்னுடைய வெண்கட்டி ஒருநாளும் விளங்கப்படுத்தவில்லை.

எழுவைதீவில் பெரும்பாலும் இறங்குவதில்லை. பனைகளையும், மின்சாரத்துக்கு நிறுத்திய காற்றாலைகளையும் கடலிலிருந்து பார்த்துக்கொண்டு தெற்கே திரும்புவோம். கரையோரம் வேலிபோல நட்ட தடிகளும் வலைகளும் தெரியும்: ஒரு பகுதி மீன்பிடிக்கும் களங்கட்டிகள், ஒரு பகுதி அண்மைக் காலத்தில் பெருகிய கடலட்டைப் பண்ணைகள். அட்டைக்கு வெளிநாட்டில் நல்ல விலை உண்டு. சிறு தொழிலாளிகளுக்கு வலைபோட இடம் குறைகிறது என்ற முறைப்பாடும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டு, தடிகளுக்குக் கிட்ட படகை விடவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். நாம் படம் எடுக்கும் இடம் இன்னொருவரின் வயல்.

அனலைதீவில் ஒரு மணித்தியாலம் இறங்குவோம். இங்கே காட்டுவதற்கு நான் வைத்திருப்பவை இரண்டு கிணறுகள். தீவின் நடுப்பக்கத் தோட்டக் கிணற்றில் அள்ளிய தண்ணீரை எல்லோருக்கும் ஒவ்வொரு வாய் கொடுப்பேன். பிறகு கரைப்பக்கமாக நடந்து, அங்குள்ள கிணற்றில் ஒரு வாய். முதலாவது நல்ல தண்ணீர். இரண்டாவதில் உவர் நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையில் மெலிந்தும் இருக்கும். கணக்கு இப்படிப் போகும்: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும், அந்த ஓரடியை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் அந்த 40 அடியையும் ஏறி வந்துவிடும். துலாவால் அள்ளிய காலத்தில் மனிதனின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு நோவதில்லை. ஆகவே படகில் வருபவர்கள் குடிதண்ணீரைத் தாங்களே கொண்டுவரவேண்டும். அந்த ஒரு வாய்க்கு மேல் தீவாரின் கிணற்றில் முகம்கூடக் கழுவக்கூடாது என்பது என்னுடைய கண்டிப்பு. இதற்காகச் சிலர் என்னைக் கஞ்சன் என்று சொல்வதும் என் காதுக்கு வந்திருக்கிறது.

அனலைதீவிலிருந்து நயினாதீவுக்குப் போகும் அந்தக் கடல், நாகபூஷணி அம்மன் கோவிலின் பழங்கதை நடந்த கடல். அருகிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகமொன்று வாயில் பூவைக் கவ்விக்கொண்டு அம்மனை வழிபட நீந்தி வர, கருடன் அதைத் துரத்தியது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் மற்றொரு கல்லில் இருந்தது. அவ்வழியே வந்த வணிகர் ஒருவர் இடையில் புகுந்து நாகத்தைக் காத்தார் என்பது கதை. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்ற இரண்டையும் கடலில் இன்றும் காட்டுவார்கள். கோவில் வாசலில் கேட்டால் இது தலபுராணம். படகிலிருந்து கேட்டால், கப்பலும் வணிகரும் பாரும் உள்ள கடற்கதை. ஊராத்துறைக் கல்வெட்டை வாசித்த அதே காலையில் இதையும் கேட்பவருக்கு அந்த வணிகர் அவ்வளவு அந்நியராக இருக்கமாட்டார்.

நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டு, நாகவிகாரையையும் பார்த்துவர இரண்டு மணித்தியாலம் போதும். ஆனி மாதத்துத் திருவிழா நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது.

கடைசித் துண்டுக் கடல் குறிகட்டுவானுக்கு. அதில் போகும்போது தென்மேற்கே நெடுந்தீவுப் பக்கம் கையைக் காட்டி, 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, அங்கிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு வழிமறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டதைச் சொல்வேன். திகதியையும் படகின் பெயரையும் தவிர அதிகம் பேசுவதில்லை. அந்தப் படகு பின்னரும் நெடுங்காலம் அதே வழியில் அதே ஊர்ச் சனங்களை ஏற்றி ஓடியது என்பதையும் சொல்வதுண்டு. அதற்குப் பிறகு துறை வரும்வரை இயந்திரச் சத்தம் மட்டும்தான்.

குறிகட்டுவானில் நாம் இறங்க, தீவுக்குத் திரும்புபவர்கள் ஏறுவார்கள்: சிமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், பள்ளிப் பிள்ளையின் புதுச் சப்பாத்து, ஆஸ்பத்திரித் துண்டு. அவர்களுக்கு வழிவிட்டுத்தான் இறங்கவேண்டும். நமக்கு இது ஒரு நாள், அவர்களுக்கு இதுதான் தெரு. சென்ற பங்குனியில் நான் கூலியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடக்கையில், படகோட்டி பின்னால் கூப்பிட்டு, அடுத்த தடவை எப்போது என்று கேட்டார். பிள்ளைகள் ஆடியில்தான் வருகிறார்களாம் என்றேன். அவர் மேற்கே ஒருதரம் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், சித்திரைக்குள்ளை வரச்சொல்லுங்கோ. வைகாசி பிறந்தால் நான் சொல்ல ஏலாது” என்றார்.

வணக்கம்.