கயிற்றோடு வந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று கப்பல்களோடு வந்த டச்சுக்காரர் யாக்கோப் ரொக்கவேன், பசிபிக் கடலில் ஒரு தீவைப் பார்த்தார். நாளைப் பார்த்துப் பெயரையும் வைத்துவிட்டார்: ஈஸ்டர் தீவு. இன்று ராப்பா நூயி என்கிறோம். அங்கிருந்து கிழக்கே சிலி 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால். மேற்கே ஆள் இருக்கும் அடுத்த தீவுக்கே சுமார் 2,000 கிலோமீட்டர். அங்கே தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருக்க, 'கண்டுபிடித்தார்' என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

முதலில் ஒரே ஒரு தீவுவாசி கப்பலேறினார். பாய்மரத்தையும் கயிறுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் காட்டியதும் திடுக்கிட்டு, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடினார். சில நாள் கழித்து டச்சுக்காரர்கள் 134 பேர் கரையிறங்கினார்கள். கூட்டம் நெருக்கியது. பின்வரிசையில் யாரோ சுட, மற்றவர்களும் சுட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஊரார் கோழியும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். தீவில் நின்ற பிரம்மாண்டமான மனிதச் சிலைகள் களிமண்ணால் ஆனவை என்று எழுதிவைத்தார் ரொக்கவேன். அவை எரிமலைக் கல்.

1774இல் இங்கிலாந்தின் கேப்டன் குக் வந்தபோது தீவுவாசிகள் கொஞ்சம் உஷாராகியிருந்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கிற கூடையில் மேலே கிழங்கு, அடியில் கல்! மாலுமிகளின் தொப்பிகளும் தலையிலிருந்து பறந்தன. குக்கோடு வந்த மஹினே என்ற பொலினீசிய (பசிபிக் தீவுக்கார) இளைஞனுக்கு அவர்கள் பேச்சு ஓரளவு புரிந்தது. எண்களின் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மனிதர்கள் நல்லவர்கள், தீவுதான் மோசம் என்றான் அவன். நல்ல தண்ணீர் அரிது, மரமோ இல்லை. படகுகளைத் துண்டுப் பலகைகளைத் தைத்துத்தான் செய்திருந்தார்கள்.

1786இல் பிரான்சின் லா பெரூஸ் வந்தார். தொப்பி திருட்டு அப்போதும் நடந்தது. ஆனால் அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை. பறிகொடுத்தவர்களுக்கு வேறு தொப்பி தருவதாகச் சொல்லிவிட்டார். ஆடுகளையும் பன்றிகளையும் விட்டுச் சென்றார். இதெல்லாம் சரி, என்னைக் கவர்ந்தது அவர் எழுதிவைத்த இன்னொரு சங்கதி. கப்பலேறிய தீவுவாசிகள் நங்கூரக் கயிறு, நங்கூரம், திசைகாட்டி, சுக்கான் சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கவனித்திருக்கிறார்கள். மரமே இல்லாத ஊர்க்காரர்கள், அத்தனை மரத்தை ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். அப்புறம் மறுநாள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, முந்தைய நாள் எடுத்த அளவைத் திரும்பவும் எடுத்தார்கள். ராத்திரி கரையில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கும் என்பது லா பெரூஸின் ஊகம். முதல் அளவை யாரோ நம்பவில்லை போலிருக்கிறது.