ட்ராக்கை ஒருத்தருக்கே எழுதிக் குடுக்கலாமா?

வணக்கம் மக்களே. மியூசிக் லைப்ரரிக்கு, அதாவது டிவி, வீடியோ பண்றவங்களுக்கு இசையை லைசென்ஸ் குடுக்கிற கம்பெனிக்கு, ட்ராக் அனுப்புறவங்க எல்லாரும் வந்து நிக்கிற இடம் இது. ஒரே லைப்ரரிக்கு மட்டும் குடுக்கிற எக்ஸ்க்ளூசிவா, பல லைப்ரரில வைக்கிற நான்-எக்ஸ்க்ளூசிவா? நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

மொதல்ல ஒரு பயம். எக்ஸ்க்ளூசிவ்னா நம்மளையே வாங்கிட்டாங்கன்னு நினைக்கிறாங்க. பெரும்பாலும் இல்லங்க, அந்த ட்ராக் மட்டும்தான். நாளைக்கே புதுசா ஒண்ணு போட்டு வேற லைப்ரரிக்குக் குடுக்கலாம். ஆனா "இனிமே நீ பண்றது எல்லாமே எங்களுக்கு"ன்னு ஒரு வரி எங்கயாவது ஒளிஞ்சிருந்தா, கையெழுத்துப் போடாதீங்க.

நான்-எக்ஸ்க்ளூசிவ் கேக்கவே இனிப்பா இருக்கும். ஒரே ட்ராக், நாலு இடத்துல கிடக்கும், யார் வித்தாலும் நமக்குக் காசு. சரி, டிவில ஓடினா வர்ற ராயல்டில பாதி ரைட்டர் பங்கு, அது இசையமைச்ச நமக்கு; பாதி பப்ளிஷர் பங்கு, அது லைப்ரரிக்கு. அந்தப் பப்ளிஷர் பங்கை நாலு லைப்ரரியும் எப்படி வாங்கும்? ரீடைட்டில்! ஒரே ட்ராக்குக்கு ஆளுக்கொரு பேர் வெச்சு ராயல்டி சொசைட்டில பதிவு பண்ணிடுவாங்க. நிகழ்ச்சில எந்தெந்த இசை ஓடுச்சுன்னு எழுதுற க்யூ ஷீட்ல எந்தப் பேர் இருக்கோ, அந்த லைப்ரரிக்குப் பணம்.

பேரைப் படிச்சு கணக்குப் பார்த்த காலத்துல இது ஓடுச்சு. இப்ப மெஷின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்குது. சத்தம் ஒண்ணு, பேரு நாலு, அது யாருக்குன்னு சொல்லும்? இந்தக் குழப்பமே வேணாம்னு ஒதுங்குற வாடிக்கையாளர்களும் இருக்காங்க.

யூடியூப் கன்டென்ட் ஐடி அடுத்த தலைவலி. யார் வீடியோல நம்ம ஆடியோ இருக்குன்னு தானா கண்டுபிடிச்சு, உரிமையாளர் பேர்ல க்ளெய்ம் போடற சிஸ்டம் அது. எக்ஸ்க்ளூசிவ் உரிமை இருக்கிற ஆடியோவைத்தான் அதுல ஏத்தணும், யூடியூபோட விதியே அதுதான். நாலு இடத்துல இருக்கிற ட்ராக்கை யாரோ ஏத்திட்டா, காசு குடுத்து லைசென்ஸ் வாங்கின பாவப்பட்ட ஆள் வீடியோவுக்கு க்ளெய்ம் விழும். அவர் திட்டறது உங்களைத்தான்.

அப்போ எக்ஸ்க்ளூசிவ்தான் பெஸ்டா? அங்கயும் பார்த்துப் போகணும். நான் மொதல்ல தேடறது ரிவர்ஷன் வரி, அதாவது ட்ராக் எப்போ நம்ம கைக்குத் திரும்பி வரும்னு. வீட்டை லீசுக்கு விடும்போது எத்தனை வருஷம்னு கேக்காம சாவியைக் குடுப்பீங்களா? 3 வருஷமோ 5 வருஷமோ, அதுக்குள்ள எந்த நிகழ்ச்சிலயும் வீடியோலயும் ட்ராக்கை வைக்கலன்னா திரும்பக் குடுத்துடணும். அட்வான்ஸும் கிடையாது, ரிவர்ஷனும் கிடையாது, காலமெல்லாம் அவங்களுக்கேன்னா நான் போட மாட்டேன். இப்படித்தான் வேணும்னு அவங்களே ப்ரீஃப் குடுத்துக் கேட்டு வாங்குற டென்ஷன் பெட் (பரபரப்பான சீனுக்கு அடியில ஓடற இசை), காமெடி க்யூ (காமெடி சீனுக்கான துண்டு இசை) மாதிரி ஐட்டத்தை மட்டும் தாராளமா எழுதிக் குடுப்பேன். அது அந்த வேலைக்குன்னே பொறந்தது.

நம்ம ஊர் சட்டம் கொஞ்சம் கைகொடுக்குது. காப்பிரைட் சட்டத்தோட 19-வது பிரிவுல, உரிமையை எழுதிக் குடுக்கும்போது காலம் சொல்லலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கணும்னு இருக்கு. எந்த நாட்டுக்குன்னு சொல்லலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்கினவங்க 1 வருஷத்துக்குள்ள உரிமையைப் பயன்படுத்தலன்னா, அது போயிடும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும். 2012 திருத்தத்துக்கு அப்புறம் இசையமைப்பாளரோட ராயல்டி உரிமையை வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர யாருக்கும் விட்டுக்குடுக்க முடியாது. அதனால ஐபிஆர்எஸ்ல, அதாவது இசையமைப்பாளர், பாடலாசிரியருக்கு ராயல்டி வசூலிச்சுக் குடுக்கிற நம்ம ஊர் காப்பிரைட் சொசைட்டில, சேராதவங்க மொதல்ல சேருங்க.

ஆனா லைப்ரரிக்காரங்க என்ன இளிச்சவாயங்களா? "பெர்பெச்சுவல், வேர்ல்ட்வைட்"னு, அதாவது காலமெல்லாம், உலகம் முழுக்கன்னு, அழகா எழுதியிருப்பாங்க. வெளிநாட்டு லைப்ரரின்னா வழக்கு நியூயார்க் சட்டப்படி, கலிஃபோர்னியா சட்டப்படின்னும் சேர்த்திருப்பாங்க. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடாதீங்க.

கடைசியா ஒண்ணு. நான்-எக்ஸ்க்ளூசிவ்ல இருக்கிற ட்ராக்கை நினைச்ச மாத்திரத்துல எக்ஸ்க்ளூசிவா மாத்த முடியாது. நோட்டீஸ் குடுத்து எல்லா இடத்துலயும் இறக்கணும், ஏற்கனவே வித்த லைசென்ஸ் அப்படியே ஓடிட்டிருக்கும். அதைப் புது லைப்ரரிகிட்ட மறைக்காம மெயில்லயே எழுதிடுங்க. ரைட், அடுத்த வீடியோல ஒரு அக்ரிமென்ட்டைத் திறந்து வெச்சு வரி வரியாப் படிக்கலாம். பை மக்களே.