தேர் திரும்பும் கோணம்

நேயர்களுக்கு வணக்கம்.

எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக உள்ள ஒழுங்கு பலகோணத்தின் உட்கோணத்தைக் கேட்டால், நம் பிள்ளைகள் சூத்திரத்தை உடனே ஒப்பித்துவிடுவார்கள்: பக்க எண்ணிக்கையில் 2 கழி, 180-ஆல் பெருக்கு, பக்க எண்ணிக்கையால் வகு. சரி, ஏன் 2 கழிக்கிறோம்? அங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். வெளிக்கோணத்திலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

நம் மதுரைச் சித்திரைத் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழமாசி வீதியில் கிளம்பி, தெற்கு மாசி, மேலமாசி, வடக்கு மாசி என்று சுற்றி நிலைக்கு வந்து சேருகிறது. வீதி நேராக இருக்கும்வரை வடம் பிடித்து இழுத்தால் போதும். முக்கு வந்தால் கட்டை கொடுத்துத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தின் அளவுதான் வெளிக்கோணம். சதுரத்தின் மூலைக்கு வெளியே கிடக்கும் 270 பாகை முழுவதையும் வெளிக்கோணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. பக்கத்தை நேராக நீட்டி, அந்த நீட்சியிலிருந்து அடுத்த பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 90 பாகைதான்.

சுற்றி வந்து, கிளம்பிய திசையையே பார்த்துத் தேர் நிற்கும்போது மொத்தம் 360 பாகை திரும்பியிருக்கும். முக்குகள் துல்லியமான செங்கோணமாக இல்லாவிட்டாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. முக்கு நான்கானாலும் நாற்பதானாலும், எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பினால் 360தான். ஒழுங்கு பலகோணத்தில் அதைச் சமமாகப் பங்கு போடுகிறோம்: ஐங்கோணத்துக்கு 72, அறுகோணத்துக்கு 60, எண்கோணத்துக்கு 45. 180-இல் இவற்றைக் கழித்தால் உட்கோணம் வந்துவிடும்: 108, 120, 135.

இப்போது அந்த 2-க்கு வருவோம். ஒவ்வொரு முனையிலும் உட்கோணமும் வெளிக்கோணமும் சேர்ந்து 180. எல்லா முனைகளையும் கூட்டி, வெளிக்கோணங்களின் 360-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது உட்கோணங்கள். 360 என்பது இரண்டு 180 அல்லவா? கழித்த 2 அதுதான்.

நம் 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கம். முனைக்கு 30 பாகை திருப்பம், உட்கோணம் 150.

அப்புறம், தரையில் பதிக்கும் கல். மூன்று அறுகோணங்கள் ஒரு புள்ளியில் கூடினால் 120 மூன்று முறை, இடைவெளியே இருக்காது. மூன்று ஐங்கோணங்களை வைத்தால் 324தான். 36 பாகை பிளந்து நிற்கும். நான்காவதற்கு இடம் கிடையாது. ஒரே வகை ஒழுங்கு பலகோணத்தால் தரையை நிரப்ப முக்கோணம், சதுரம், அறுகோணம் தவிர வேறெதுவும் ஆகாது.

உட்கோணம் 130 பாகை உள்ள ஒழுங்கு பலகோணம் உண்டா? வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். முனைக்கு 50 பாகை திரும்ப வேண்டும். ஏழு முறை திரும்பினால் 350, எட்டாவது முறை 400. அப்படி ஒரு பலகோணம் கிடையாது.